கருத்துக்களத்தில் ஒருவரின் பதிவு எண்ணிக்கை தவறாகக் காட்டினால் எப்படிச் சரிசெய்வது?

உங்கள் களத்தில் ஒருவர் 40 பதிவு போட்டிருக்கிறார், பெயருக்குக் கீழே 31தான் காட்டுகிறது, நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் மறுகணக்குப் பொத்தானை அழுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் பிஎச்பிபிபி என்கிறீர்கள். சரி, இன்றைக்கு அதை அழுத்த வேண்டாம். நான் அழுத்தி ஒரு பெரியவரின் மனதை நோகடித்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்காக ஒரு களம் நடத்துகிறேன். குலசேகரத்து அண்ணாச்சி ஒருவர் தொடக்கத்திலிருந்தே அதில் எழுதுகிறார். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும்போதுதான் எங்களுக்குத் தேன் வரத்து. அந்த நாட்களில் எத்தனை பெட்டியில் தேன் எடுத்தார், கிலோ என்ன விலைக்குப் போனது என்று விடாமல் போடுவார். அவர் பெயருக்குக் கீழே 4,212 என்று இருந்தது. நான் பொத்தானை அழுத்திய மறுநாள் 2,906. காலையிலேயே போன் வந்துவிட்டது: "மக்கா, நான் எழுதுனதெல்லாம் எங்க போச்சு?"

விலைப் பிரிவில் 90 நாள் பழைய இழைகள், அதாவது ஒரு தலைப்பும் அதற்குக் கீழே வந்த பதிவுகளும், தானாக நீங்கும்படி வைத்திருந்தேன். அப்படி நீங்கும்போது பிஎச்பிபிபி எழுதியவரின் எண்ணிக்கையைக் குறைக்காது. ஏனென்றால் அந்த எண் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துக் காட்டுவது அல்ல. உறுப்பினர் அட்டவணையில் யூசர்_போஸ்ட்ஸ் என்ற இடத்தில் தனியாக எழுதி வைத்திருப்பது. மறுகணக்கு கொடுத்தால் எல்லோருடைய எண்ணையும் முதலில் பூஜ்யமாக்கிவிட்டு, இப்போது கையில் இருக்கும் பதிவுகளை மட்டும் எண்ணும். பொத்தானுக்குக் கீழேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நான் படிக்கவில்லை.

நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் இருந்தது. கோப்பைத் திறந்து அண்ணாச்சியின் வரியைத் தேடினேன்: 4,198. அதற்குப் பிறகு அவர் போட்டவை 14. கூட்டி, தரவுதளத்தை நேரடியாகத் திருத்த உதவும் பிஎச்பிமைஅட்மினில் கையால் போட்டேன். குறைந்துபோன மற்றவர்களுக்கும் அப்படித்தான், ஒரு சாயங்காலம் முழுக்க. வெறும் எண்தானே என்று சிலர் சொல்வார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அவர் எழுதியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இன்று களத்தில் இல்லை. எழுதினார் என்பதற்கு அந்த எண் ஒன்றுதான் மிச்சம்.

இப்போது உங்கள் 9 பதிவுக்கு வருவோம். முதலில் அவை எந்தப் பிரிவில் இருக்கின்றன என்று பாருங்கள். அரட்டை, அறிமுகம் மாதிரியான பிரிவுகளுக்கு 'பதிவு எண்ணிக்கையைக் கூட்டலாம்' என்ற அனுமதியை யாராவது நிறுத்தி வைத்திருப்பார்கள். என் சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான். அந்த அனுமதியை இப்போது திறந்துவிட்டாலும் பழைய பதிவுகள் கணக்கில் சேராது. கணக்கில் வருமா வராதா என்ற குறி, பதிவு போடும்போதே அதனுடன் சேர்ந்துவிடுகிறது. அப்புறம், ஒப்புதலுக்குக் காத்திருப்பவையும், மீட்கக்கூடிய விதத்தில் நீக்கி வைத்தவையும் கணக்கில் வராது, ஆனால் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரின் கண்ணுக்குத் தெரியும். 40 என்று எண்ணிச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். ஒரே உறுப்பினரின் பதிவுகளைத் தேடினால் ஆளுக்கு ஆள் வேறு எண் வரும். அவரவர் படிக்க அனுமதி உள்ள பிரிவுகள்தான் தேடலில் வரும். இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால் 31 என்பது சரியான எண்தான். அவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், போதும்.

வேறு மென்பொருளிலிருந்து பதிவுகளை நேரடியாகத் தரவுதளத்துக்குள் கொண்டுவந்திருந்தால் மட்டும் மறுகணக்கு தேவைப்படும். அப்போதும் பழைய இழைகள் தானாக நீங்கும் பிரிவு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, பேக்கப் எடுத்துவிட்டு அழுத்துங்கள். பாதியில் நின்றுபோனால் எல்லோருக்கும் எண் குறைந்து கிடக்கும், பதற வேண்டாம், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டால் சரியாகிவிடும். கையால் திருத்திய எண்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், அடுத்த மறுகணக்கில் அவையும் போய்விடும். என் தாளில் முதல் வரி அண்ணாச்சியுடையது.