சிவப்புத் திரையும் நிரம்பிய சி டிரைவும்: வீடியோ எடிட்டிங் கேள்வி – பதில்

இரண்டு சோனி கேமராக்களில் ஒரு கல்யாணம் எடுத்தோம். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, பிரீமியர் ப்ரோவில் பாதி எடிட் முடித்தேன். மறுநாள் திறந்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’. லொகேட் கொடுத்துத் தேடிச் சேர்த்தபின், தாலி கட்டும் இடத்தில் சாப்பாட்டுப் பந்தி ஓடுகிறது. ஃபைல்கள் கெட்டுவிட்டனவா?
– வாசகர், தேனி

கெடவில்லை. இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

முதலாவது, டிரைவ் எழுத்து. பிரீமியரின் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது. அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். நேற்று ‘ஈ’ டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், இன்று பென் டிரைவ் ஒன்று முன்பே செருகப்பட்டிருந்ததால் ‘எஃப்’ ஆகியிருக்கும். முகவரி மாறியதால்தான் சிவப்புத் திரை.

இரண்டாவது, பெயர். சோனி கேமராக்கள் வழக்கமாக சி0001, சி0002 என்றே பெயரிடும். இரண்டு கேமராவிலும் அதே பெயர்கள். லொகேட் செய்தபோது பெயர் பொருந்தியதால் மற்ற கேமராவின் ஃபைலை பிரீமியர் எடுத்துக்கொண்டது.

சரிசெய்யும் முறை: ப்ராஜெக்டை சேவ் செய்யாமல் மூடுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ மூலம் பழைய எழுத்தையே கொடுங்கள். அந்த எழுத்தை வேறு டிரைவ் பிடித்திருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். பிறகு ப்ராஜெக்டைத் திறந்தால் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தவறாகச் சேர்த்தபின் சேவ் செய்துவிட்டீர்கள் என்றால், ப்ராஜெக்டுக்குப் பக்கத்திலுள்ள ஆட்டோ-சேவ் ஃபோல்டரில், லொகேட் செய்வதற்கு முந்தைய நேரமுள்ள பிரதியைத் திறங்கள். எடிட்டிங் டிஸ்குக்கு ‘வி’, ‘எக்ஸ்’ போல வரிசையின் கடைசிப் பக்க எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் முன்பக்கத்திலிருந்தே எழுத்துகளை எடுப்பதால் பிறகு மோதாது.

அடுத்த வேலையிலிருந்து ஒவ்வொரு மெமரி கார்டுக்கும் ஒரு ஃபோல்டர்: ‘தேதி_கேம்ஏ_கார்டு1’ என்பது போல. அதற்குள் கார்டில் உள்ளதை அப்படியே, ‘பிரைவேட்’ ஃபோல்டரிலிருந்து மொத்தமாக காபி செய்யுங்கள். வீடியோவை மட்டும் பொறுக்கி எடுத்து இரண்டு கேமராவையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ‘ரீப்ளேஸ்’ என்று விண்டோஸ் கேட்கும்போது ஒரே ஒரு கிளிக்கில் முதல் கேமராவின் அதே பெயருள்ள ஃபைல்கள் எல்லாம் அழிந்துவிடும். அதன்பின் எந்த மென்பொருளாலும் எளிதில் மீட்க முடியாது. ஏ7 4 போன்ற புதிய மாடல்களில் ஃபைல் செட்டிங்ஸில் தலைப்பு வைக்கும் வசதி இருக்கிறது. ஒன்றுக்கு ‘ஏ’, மற்றதற்கு ‘பி’ என்று கொடுத்தாலே பாதித் தொல்லை தீரும். எடிட் தொடங்கிய பிறகு மட்டும் எந்த ஃபைலின் பெயரையும், ஃபோல்டரின் பெயரையும் தொடாதீர்கள்.

என் கணினியில் விலை உயர்ந்த என்விடியா 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. ஆனாலும் 4கே ஃபுட்டேஜ் திக்கித் திக்கி ஓடுகிறது. ரேம் கூட்ட வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

ரேம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. டைம்லைனை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ வரைபடத்தைப் பாருங்கள். அது பூஜ்யத்திலேயே கிடக்க, சிபியு மட்டும் 100-ஐத் தொடுகிறதா? அப்படியானால் கேமராவின் பதிவு முறையும் கார்டும் ஒத்துப்போகவில்லை.

பெரும்பாலும் இது 10 பிட் 4:2:2 பதிவு, அதாவது நிற விவரங்களைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை. நிறத்துக்கு அருமையானது. ஆனால் இந்த வகையின் சுருக்கத்தை வன்பொருளிலேயே பிரிக்கும் (டிகோட்) வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. இன்டெலின் உள்கிராஃபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 என்ற சுருக்க வகையில் 10 பிட் 4:2:2-ஐப் பிரிக்கும், பழைய வகையான எச்.264-இல் பெரும்பாலும் பிரிக்காது. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் எச்.265. (இன்டெல் ப்ராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் உள்கிராஃபிக்ஸே கிடையாது. வாங்கும்போது கவனியுங்கள்.)

செலவில்லாத தீர்வு ப்ராக்சி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் உருவாக்கும் லேசான பிரதி. பிரீமியரில் கிளிப்களைத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து, ‘ப்ராக்சி’, ‘கிரியேட் ப்ராக்சீஸ்’. அடோபியின் மீடியா என்கோடர் மென்பொருளும் நிறுவியிருக்க வேண்டும். ப்ரோரெஸ் ப்ராக்சியை 1920×1080 அளவில் செய்தால், 25 ஃப்ரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி ஆகும். ப்ரோரெஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாக நிற்பதால் முன்பின் ஃப்ரேம்களைக் கணக்கிடும் சுமை இல்லை. பழைய லேப்டாப்பிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். எக்ஸ்போர்ட்டில் ‘யூஸ் ப்ராக்சீஸ்’ டிக் செய்யாத வரை மூல ஃபைலிலிருந்தே வெளிவரும், தரம் குறையாது. ஏற்கெனவே வேறு வழியில் செய்த ப்ராக்சி ஒட்ட மறுத்தால் ஆடியோ சேனல் எண்ணிக்கையைப் பாருங்கள். மூலத்தில் 4 சேனலும் ப்ராக்சியில் 2 சேனலும் இருந்தால் சேராது.

சி டிரைவ் அடிக்கடி நிரம்பி பிரீமியர் நின்றுவிடுகிறது. எதை அழிக்கலாம்?
– வாசகி, நாகர்கோவில்

மீடியா கேஷை அழிக்கலாம். ஆடியோவைப் படித்துத் தயார்செய்த சிஎஃப்ஏ, ஒலி அலை வடிவத்துக்கான பெக் ஆகிய ஃபைல்கள் அதில் குவிகின்றன. உங்கள் வீடியோ அங்கே இல்லை. அழித்தால் ப்ராஜெக்டை அடுத்த முறை திறக்கும்போது திரும்ப உருவாகும், அவ்வளவே. எந்த ப்ராஜெக்டையும் திறக்காமல், ‘எடிட்’, ‘ப்ரிஃபரன்சஸ்’, ‘மீடியா கேஷ்’, ‘டெலீட்’. ப்ராஜெக்ட் திறந்திருந்தால் ‘எல்லாவற்றையும் அழி’ என்ற தேர்வு கிடைக்காது. அதே பக்கத்தில் ‘ப்ரௌஸ்’ கொடுத்து, கேஷை வேறொரு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பழையவற்றைத் தானாக அழிக்கும் தேர்வும் அங்கேயே உண்டு. 90 நாள் என்பதை 30 ஆக்கலாம்.

ரெண்டர் ப்ரிவ்யூ ஃபைல்கள் தனி. அவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வளரும். வேலை முடிந்தபின் ‘சீக்வென்ஸ்’ மெனுவில் ‘டெலீட் ரெண்டர் ஃபைல்ஸ்’. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் என்றால் ‘ப்ளேபேக்’ மெனுவில் ‘டெலீட் ரெண்டர் கேஷ்’.

செல்போனில் எடுத்த 40 நிமிடப் பேச்சு. தொடக்கத்தில் வாயும் சத்தமும் ஒட்டியிருக்கின்றன, போகப்போக விலகுகின்றன.
– வாசகர், மதுரை

செல்போன்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ எண்ணிக்கை இறங்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ‘ஃப்ரேம் ரேட் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘வேரியபிள்’ என்றிருந்தால் அதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், வீடியோ பக்கத்தில் 30 கொடுத்து, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்து, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் மதிப்பை 18 அளவில் வைத்து மாற்றுங்கள். எடிட் தொடங்குவதற்கு முன்பே மாற்ற வேண்டும். வெட்டி ஒட்டிய பிறகு மாற்றினால் வெட்டுகள் நகர்ந்துவிடும்.

டைட்டிலில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து வட்டப்புள்ளிகளுடன் நிற்கின்றன.
– வாசகி, தஞ்சாவூர்

எழுத்துருவில் குறை இல்லை, பிரீமியரின் எழுத்து இயந்திரம் தமிழுக்கானதாக இல்லை. ப்ரிஃபரன்சஸில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதியில் ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்பதைத் தேர்ந்து, எழுத்துப் பெட்டியைப் புதிதாகப் போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவாக இருக்கட்டும். பாமினி எழுத்துரு வேறு வகை: அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. அதில் யூனிகோட் உரையை ஒட்டினால் வராது.

பதிவு நடக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிட்டது. 9 ஜிபி ஃபைல் இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை.
– வாசகர், சேலம்

எம்பி4 ஃபைலுக்குள் ‘மூவ்’ என்ற அட்டவணை உண்டு. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான். கேமரா அதைப் பெரும்பாலும் பதிவை நிறுத்தும் நொடியில்தான் எழுதுகிறது. உங்கள் காட்சி உள்ளே இருக்கிறது, அட்டவணைதான் இல்லை. அந்தக் கார்டில் இனி எதுவும் பதியாதீர்கள், பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிடுங்கள். ஃபைலை இரண்டு இடங்களில் காபி செய்துகொண்டு, அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவியை முயலுங்கள். அதே கேமராவில், அதே அளவில், அதே ஃப்ரேம் ரேட்டில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். செட்டிங்ஸ் மாறினால் மீளாது.

வருடத்துக்கு 25 கல்யாணம். எவ்வளவு இடம் வேண்டும், எதில் வைப்பது?
– வாசகர், ஈரோடு

கேமராவின் மெகாபிட் எண்ணை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி என்று கிடைக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் 6 மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 540 ஜிபி. 25 கல்யாணத்துக்கு 13.5 டிபி. அதற்கு இரண்டு பிரதி வேண்டும். 2 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 1.81 என்றே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடப்பு வேலையை எஸ்எஸ்டியில் எடிட் செய்யுங்கள், முடிந்ததை ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டியில் பதிந்த மின்னேற்றம் கசியலாம். அலமாரியில் வைக்க அது ஏற்றதல்ல. இரண்டு பிரதிகளில் ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலாவது இருக்கட்டும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு டிஸ்க் தீயிலும் வெள்ளத்திலும் சேர்ந்தே போகும். கேபிளையும் பாருங்கள்: செல்போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பல யுஎஸ்பி 2.0 வேகமே தரும். நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாத அதில் 540 ஜிபி காபியாக நான்கு மணி நேரத்துக்கு அருகில் ஆகும்.

கார்டை ஃபார்மேட் செய்யும் முன் காபி சரிதானா என்று ஒப்பிடும் கருவியைப் பயன்படுத்துங்கள். டெராகாபியில் ‘வெரிஃபை’, இலவச ரிசால்விலேயே மீடியா பக்கத்தில் ‘க்ளோன் டூல்’. இரண்டு டிஸ்கிலும் சரிபார்த்து முடியும்வரை கார்டு பையிலேயே இருக்கட்டும். அதற்காக ஒரு ஜோடி கார்டு கூடுதலாக வாங்குவது தவறில்லை.