ஆயுள் தண்டனை, பரோல், அந்த 14 வருடம்: கேளுங்கள், சொல்கிறேன்

சிறை வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். தமிழ்நாட்டுச் சிறைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் கைதி. அடுத்த மாதம் 14 வருடம் முடிகிறது. எப்போது வீட்டுக்கு வருவார்?

14 முடிந்த மறுநாள் கேட் திறக்காது அம்மா. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று 1961-லேயே, காந்தி கொலையில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978-ல் வந்த 433ஏ பிரிவு (இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ்-ல் 475): மரண தண்டனையும் கொடுக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அதற்கு முன்னால் அரசு விடக்கூடாது. அரசுக்குப் போட்ட பூட்டு அது, கைதிக்குக் கொடுத்த சாவி இல்லை. அதற்கப்புறம்தான் பரிசீலனையே. சிறையில் நடத்தை எப்படி என்று பார்ப்பார்கள், நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார், போலீஸ் அறிக்கை வரும். செத்தவர் குடும்பம் அதே தெருவில் இருந்தால் அங்கேதான் பெரும்பாலும் சிக்கும், அதனால் வெளியூரில் தங்க இடமும் வேலையும் காட்ட முடியுமா பாருங்கள். தீர்ப்பு நகலையும் எடுத்துப் படியுங்கள். '25 வருடம், தண்டனைக் குறைப்பு இல்லாமல்' என்று எழுதியிருந்தால் 14 கணக்கே பொருந்தாது. முடித்துத் தருகிறேன் என்று வருகிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

கேள்வி: பரோல் எத்தனை நாள்?

தமிழ்நாட்டின் 1982 தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் அதன் பெயர் விடுப்பு. மூன்று வருடம் உள்ளே இருந்தபின் சாதாரண விடுப்பு, 21 நாளிலிருந்து ஒரு மாதம் வரை. 2019-ல் மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ராஜீவ் கொலை வழக்கு நளினி வந்தது இப்படித்தான். சாவு, கல்யாணத்துக்கு அவசர விடுப்பு தனி.

கேள்வி: ஜெயிலில் பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள், ஆக 7 வருடம் போதும் என்கிறார்களே?

ஜெயிலிலும் நாளுக்கு 24 மணி நேரம்தான் ஐயா. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருடம் முடித்த ஆயுள் கைதிகளை, 14 வருடப் பூட்டு தடுக்காத ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தில் விட்டார்கள், அதை வைத்துக் கிளம்பிய கதையாக இருக்கும்.

கேள்வி: 14 வருடம் முடிந்தால் விடுதலைதானே?

மேலே படியுங்கள்.

கேள்வி: பேரறிவாளனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? எல்லாம் அரசியல்.

அரசியல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் 30 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2018-ல் அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காமல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார், கடைசியில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுதலை செய்தது. இதைச் சலுகை என்பீர்களா?

மீண்டும் அவரே: அப்போ பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை விட்டது?

நல்ல கேள்வி. 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கு அது. விட்டது குஜராத், தண்டித்தது மும்பை நீதிமன்றம். தண்டனை கொடுத்த மாநிலம்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 11 பேரையும் திரும்ப உள்ளே அனுப்பியது. அரசியல் மட்டும் போதுமென்றால் அவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: சார், 14 வருடம்...

கதவு அதுவாகத் திறக்காது. ஆனால் முன்கூட்டியே விடுதலை செய்யக் கொள்கை உள்ள மாநிலத்தில் தகுதி வந்தவரை, மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். புரோக்கரிடம் போகாதீர்கள்.

கேள்வி: செக் மோசடி வழக்கில் ஜாமீன் கிடைக்குமா?

அது என் ஏரியா இல்லை தம்பி.