மைசூரு பஸ்ஸில் ஒரு சஃபாரி

கேள்வி: எனக்கு 4 வயதில் ஒரு மகள், 7 வயதில் ஒரு மகன். டிவியில் சிங்கத்தைப் பார்த்ததிலிருந்து, "மசாய் மாரா போகலாம்" என்று பெரியவன் பிடுங்கி எடுக்கிறான். கையில் இருப்பது முப்பதாயிரம். சின்னவளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. என்ன செய்யலாம்?
- வாசகி, தாம்பரம்

பதில்: முப்பதாயிரத்துக்குக் கென்யா நடக்காது, சகோதரி. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு விமானத்தில் தனி சீட் எடுத்தாக வேண்டும். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை. அதெல்லாம் பையனுக்கு மீசை முளைக்கட்டும், பார்க்கலாம். இப்போது முதுமலைக்குக் கூட்டிப் போங்கள்.

ஆனால் ஊட்டி வழியாக வேண்டாம். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, சின்னவள் பாவம். சென்ட்ரலில் இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் மைசூரு. 5 வயது ஆகாததால் அவளுக்கு டிக்கெட் வேண்டாம், உங்கள் பெர்த்திலேயே படுத்துக்கொள்வாள். அங்கிருந்து ஊட்டி பஸ். குண்டலுப்பேட்டை தாண்டியதும் பந்திப்பூர்க் காடு, அது முடிகிற இடத்தில் முதுமலை. அங்கே நீங்கள் இறங்க வேண்டிய ஊர் தெப்பக்காடு, அதுவரை மலையேற்றமே கிடையாது. ஜன்னலோர சீட்டைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். புள்ளிமான் கூட்டம் எப்படியும் கண்ணில் படும், யோகம் இருந்தால் யானையும். வெறும் பஸ் காசில் இதைவிடப் பெரிய சஃபாரி எனக்குத் தெரிந்து இல்லை. இந்தச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

தெப்பக்காட்டில் வனத்துறை அறைகள் உண்டு. சனி, ஞாயிறை விட்டு முன்பதிவு செய்யுங்கள். வனத்துறை வேனில் சுமார் ஒரு மணி நேரம் காட்டுக்குள் சுற்றிக் காட்டுவார்கள். ஒரே ஒரு தடவை போதும். நாலு வயதுக்காரி அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டாள். பக்கத்து ஊரான மசினகுடியில் யாராவது, "நைட் சஃபாரி, ஜீப் இருக்கு" என்று காதைக் கடித்தால் நகர்ந்துவிடுங்கள். அது சட்டவிரோதம்.

மிச்ச நேரமெல்லாம் யானை முகாமுக்கு. காலையிலும் மாலையிலும் ராகி, கொள்ளு வேகவைத்துக் கவளம் உருட்டி, பாகன்கள் யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார்கள். என் பேரன் மூன்று வருடம் கழித்தும் பேசுவது வழியில் பார்த்த காட்டெருமையைப் பற்றியல்ல, அங்கே கிடந்த யானை லத்தியின் சைஸைப் பற்றித்தான்!

புலி வராது என்றே பையனிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். வந்தால் லாபம். வராவிட்டால் திரும்பும்போது மைசூரு மிருகக்காட்சி சாலையில் காட்டிவிடலாம். இதை முதலில் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போனால், "இங்கே ஒண்ணுமே இல்லையே" என்பான். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை, தேதி போடும்போது கவனம்.

பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ பயத்தில் சஃபாரியை நிறுத்திவிடுவதும் உண்டு. செப்டம்பர் காலாண்டு விடுமுறை நல்லது, காடு பச்சையாக இருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடினால் சின்னவளைச் சமாதானப்படுத்த அரை நாள் ஆகும்.