அளந்தது எது, கணித்தது எது? நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையில் கட்டும் கருவிகளைப் பற்றியவை. பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் சிலவற்றை அளக்கின்றன. பலவற்றைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. திரையில் இரண்டும் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். வித்தியாசம் எந்தப் பெட்டியிலும் எழுதப்பட்டிருக்காது.

கேள்வி: பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாகத்தான் ஓடுகிறேன். வாட்சில் நாடித்துடிப்பு 172, 175 என்று நிற்கிறது. வாட்ச் பழுதா, எனக்குத்தான் ஏதேனும் கோளாறா?

பேச முடிகிறது என்றால் முதலில் வாட்சைச் சந்தேகப்படுங்கள். அதன் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைத்தான் வாட்ச் எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுவதாலும் அதே ஒளி கூடிக் குறையும். ஓடுகிறவர்களின் காலடி பெரும்பாலும் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழும். துடிப்பு என்று நினைத்து வாட்ச் உங்கள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது. செயலியில் நாடித்துடிப்பு வரைபடத்தையும் காலடி வேக வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டியே போனால் காரணம் இதுதான்.

அடுத்த முறை 175 காட்டும்போது நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். கையால் எண்ணியதும் அதே அளவு இருந்தாலோ, மார்பில் வலியோ தலைச்சுற்றலோ இருந்தாலோ, வாட்சை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வாட்ச்தான் காரணம் என்றால்: மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளிக் கட்டுங்கள். கை ஆடினால் வாட்ச் நகரக் கூடாது; ஓடி முடித்ததும் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். கண்ணாடியில் வியர்வை, களிம்பு இருந்தால் துடையுங்கள். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டாதீர்கள், மை ஒளியை மறைக்கும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால் முதல் 5 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாக எடுக்கிறது. அணியுமுன் அதன் மின்முனைகளைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். வாங்குமுன் உங்கள் வாட்ச் வெளி சென்சாரை ஏற்குமா என்று அமைப்புகளில் பாருங்கள். ஏற்காத வாட்சுகள் நிறைய உண்டு. இதைப் பார்க்காமல் நான் வாங்கிய பட்டை ஒன்று இன்றும் இழுப்பறையில் கிடக்கிறது.

கேள்வி: அதிரும் இடுப்புப் பெல்ட் கட்டினால் தொப்பை குறையுமா? சலுகை நாளையோடு முடிகிறது.

குறையாது. சலுகை முடியட்டும்.

கேள்வி: ஒரு மணி நேரப் பயிற்சியில் 620 கலோரி செலவானதாக வாட்ச் சொன்னது. அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் எடை கூடிவிட்டது.

நாடித்துடிப்பு அளவீடு, கலோரி வெறும் கணிப்பு. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் இருந்தன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். இன்னொன்றையும் பாருங்கள். சில செயலிகள் காட்டும் எண்ணில், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியும் சேர்ந்திருக்கும். "மொத்தம்", "செயல்பாடு" என்று இரண்டு வரி இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். அதைக்கூடச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: போன் 6,100 அடி என்கிறது, வாட்ச் 8,300 என்கிறது. எது உண்மை? தினம் 10,000 அடி எட்டவே முடிவதில்லை.

போன் உங்கள் பையில் இருந்த நேரத்தை மட்டுமே எண்ணியிருக்கும். வாட்சைச் சோதிப்பது எளிது: வாய்விட்டு எண்ணி 200 அடி நடந்து பாருங்கள். 190-க்கும் 210-க்கும் இடையில் காட்டினால் போதுமானது. தள்ளுவண்டியையோ ட்ரெட்மில் கைப்பிடியையோ பிடித்து நடந்தால் கை ஆடாது, எண்ணிக்கை குறையும். 10,000 என்பது மருத்துவர் யாரும் நிர்ணயித்த எல்லை அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி". எண் அங்கிருந்து பரவியது. உங்கள் சென்ற மாதச் சராசரியைவிட 500 அடி கூட்டுங்கள். அது எட்டக்கூடிய இலக்கு.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஊசி குத்தாமல் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காட்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் வந்த அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டால், "அது பொழுதுபோக்குக்கான வசதி" என்கிறார்கள்.

உங்கள் மேல் தவறில்லை. நோயாளியின் வீட்டில் இருக்கும் பயத்தை வைத்துச் செய்யும் வியாபாரம் இது. எனக்கு இதைவிட ஆத்திரம் தருவது வேறில்லை. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் வாட்சுக்கோ மோதிரத்துக்கோ தான் அனுமதி கொடுக்கவே இல்லை என்று, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. தோலுக்கடியில் மெல்லிய இழை செல்லும் தனி சென்சார் அளந்து அனுப்புவதை வாட்ச் திரையில் காட்டுவது வேறு விஷயம். அங்கே அளப்பது அந்தச் சென்சார்.

முதல் வேலை: அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையோ இன்சுலினோ கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். இதுவரை அப்படிச் செய்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து பணம். விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். பெட்டியில் அச்சிட்ட வாசகம், ரசீது, ஆய்வக அறிக்கை, அதே நேரத்தில் வாட்ச் காட்டிய எண் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். புகாரில் "திருப்தி இல்லை" என்று எழுதாதீர்கள். "சர்க்கரையை அளக்கும் என்று சொல்லி விற்றீர்கள், அளக்கவில்லை" என்று எழுதுங்கள். முன்னதற்குப் பழகிப்போன மறுப்பு ஒன்று தயாராக இருக்கும், பின்னதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அட்டையில் பணம் கட்டியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் தகராறு (டிஸ்ப்யூட்) பதிவு செய்யுங்கள்; அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மேற்கையில் கட்டும் கருவி வாங்குங்கள். அதன் பட்டை அம்மாவின் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: ஐபி68 (தூசும் தண்ணீரும் புகாது என்ற குறி) என்று போட்டிருந்த ஃபிட்னஸ் பேண்டோடு தினமும் வெந்நீரில் குளித்தேன். நீராவி அறைக்கும் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஈரம் கோத்துவிட்டது. வாரண்டி மறுக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

இல்லை. சோப்பு நுரை, வெந்நீர், நீராவி ஆகாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. ஐபி சோதனை குளிர்ந்த நல்ல தண்ணீரில், அசையாத நிலையில் நடப்பது. சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ரப்பர் வளையத்தின் நுண்ணிய இடைவெளிக்குள் தண்ணீர் நுழைந்துவிடும். சூடு அந்த வளையத்தையே கெடுக்கும். நீச்சலுக்கு 5 ஏடிஎம் குறி உள்ளதைப் பாருங்கள். 5 ஏடிஎம்மை 50 மீட்டர் என்றும் எழுதுவார்கள்; அது அழுத்தத்தைத்தான் குறிக்கும், அவ்வளவு ஆழம் மூழ்கலாம் என்ற அனுமதி அல்ல. வியர்வைக்கு இயர்பட்ஸ் வாங்குகிறவர்களுக்கும் இதே குறிப்பு: ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறித்தால் தாங்கும்) என்ற குறி காதில் வைக்கும் மொட்டுகளுக்கு மட்டும். அவற்றைச் சார்ஜ் செய்யும் பெட்டிக்குப் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. துடைத்துவிட்டு வையுங்கள்.

கேள்வி: புதிய பேண்ட் லேப்டாப்பின் டைப்-சி சார்ஜரில் சார்ஜ் ஏறவே இல்லை. கடையில் அவர்கள் கேபிளில் ஏறுகிறது, "பழுது இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

நீங்கள் சொல்வதும் சரி, பழுதும் இருக்கிறது; வடிவமைப்பில். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிரே கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் 5 வோல்ட் கொடுக்கும். அதைத் தெரிவிக்க கருவியின் டைப்-சி துளைக்குள் உள்ள சிசி என்ற இணைப்பு முனைகளில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (சிறு மின்தடைகள்) இருக்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிற தயாரிப்பாளர்கள் உண்டு. பழைய அகல யுஎஸ்பி-ஏ முனை எப்போதும் 5 வோல்ட் தரும், அதனால் கடையில் ஏறியது. வீட்டில் பழைய சார்ஜரும் ஏ-சி கேபிளும் வைத்துக்கொண்டால் பேண்ட் வேலை செய்யும். ஆனால் டைப்-சி என்று விற்றுவிட்டு டைப்-சி சார்ஜரில் ஏறாவிட்டால் அது குறைபாடுதான். திருப்பும் காலம் இருந்தால் சி-சி கேபிளில் ஏறாததைக் காணொளி எடுத்து, அந்தக் காரணத்தையே எழுதித் திருப்புங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் எடை இயந்திரம் ஒரே இரவில் கொழுப்பு 3 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. மூன்று மாத உழைப்பு வீணா?

வீணாகவில்லை. அந்த இயந்திரம் அளப்பது இரண்டே இரண்டு: எடை, பாதங்களுக்கு இடையே உள்ள மின்தடை. கொழுப்பு, தசை, எலும்பு, "உடல் வயது" எல்லாம் உங்கள் வயது, உயரம், பாலினத்தோடு சேர்த்துச் சூத்திரத்தில் போட்டு வருபவை. காலடித் தகடு மட்டும் உள்ளவற்றில் மின்சாரம் பெரும்பாலும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது, மேலுடம்பு ஊகம். உடலில் தண்ணீர் குறைந்தால் மின்தடை கூடும், இயந்திரம் அதைக் கொழுப்பு என்று சொல்லும்.

காலையில் கழிப்பறை போய் வந்ததும், எதுவும் குடிக்குமுன், காய்ந்த வெறுங்காலோடு, கெட்டியான தரையில் வைத்து நில்லுங்கள். விரிப்பின் மேல் வைத்தால் எடையே தவறும். ஒருநாள் எண்ணைப் பார்க்காமல் 7 நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எடைப் பயிற்சி புதிதாகத் தொடங்கியிருந்தால் தசை சில வாரம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில், டேப்பால் இடுப்பை அளந்து குறித்து வையுங்கள். காலை எழுந்ததும் எடுக்கும் ஓய்வுத் துடிப்பு மாதக்கணக்கில் இறங்கினால் அதுவும் முன்னேற்றம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த இயந்திரத்தில் ஏறவே வேண்டாம்.

கேள்வி: ஜிபிஎஸ் உள்ள பேண்ட் என்று வாங்கினேன். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் தூரம் தவறாக வருகிறது.

பெட்டியில் "கனெக்டட் ஜிபிஎஸ்" என்று இருக்கும், படித்துப் பாருங்கள். போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும் என்று பொருள். போன் இல்லாதபோது காலடி எண்ணிக்கையை ஒரு காலடியின் நீளத்தால் பெருக்கிச் சொல்கிறது. "பில்ட்-இன்" என்றிருந்தால் மட்டுமே உள்ளே சில்லு இருக்கும். ஒரு சொல்லைப் படிக்காமல் வாங்கினால் யார் மேல் புகார் கொடுப்பது?

கேள்வி: என் ஃபிட்னஸ் வாட்சின் நிறுவனம் சேவையை மூடுகிறதாம். நான்கு வருடப் பதிவுகள் போய்விடுமா? வாட்சும் வீணா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் தயாரித்த பெபிள் நிறுவனம் 2016 இறுதியில் மூடப்பட்டது, அதன் இணையச் சேவைகள் 2018 ஜூனில் நின்றன. மைக்ரோசாஃப்ட் பேண்டின் செயலியும் சேவையும் 2019 மே 31-இல் நிறுத்தப்பட்டன. பேட்டரியும் சென்சாரும் நன்றாக இருந்த கருவிகள் அவை. வாங்கியவர் உடைக்கவில்லை, எங்கோ ஒரு சர்வரை நிறுத்தியதில் அவற்றின் பெரும்பகுதிப் பயன் போனது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவர் தூரத்திலிருந்து முடித்துவைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். நாமும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

கடையிலேயே கேட்க வேண்டியவை இவை. கணக்குத் தொடங்காமல் வாட்சை இயக்க முடியுமா? இணையத்தை அணைத்தால் இன்றைய பதிவைப் பார்க்க முடியுமா? பதிவுகளை ஃபிட், ஜிபிஎக்ஸ், டிசிஎக்ஸ் கோப்புகளாக வெளியே எடுக்கலாமா? சந்தா நின்றால் எந்தத் திரைகள் மூடிக்கொள்ளும்? ட்ரெட்மில், சைக்கிள் என்றால் எஃப்டிஎம்எஸ் என்ற பொது புளூடூத் முறை உண்டா? அது இருந்தால் ஒரு செயலி போனாலும் இன்னொன்று பேசும். பதில் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்கு: இன்றே கணக்கின் அமைப்புகளில் "தரவை ஏற்றுமதி செய்" என்பதைத் தேடி, முழுப் பதிவையும் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். இறக்கியதைத் திறந்து, முதல் வருடப் பதிவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கை மூடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறமூலச் செயலியின் பட்டியலில் உங்கள் வாட்ச் உள்ளதா என்று பாருங்கள். நிறுவன சர்வர் இல்லாமலே பல பேண்டுகளோடு அது பேசும். ஆனால் சில மாடல்களுக்கு நிறுவனக் கணக்கிலிருந்து ஒரு சாவி (ரகசியக் குறியீடு) எடுத்துத் தர வேண்டும். சேவை மூடுமுன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வாட்ச் ஒன்று வாங்கினேன். முந்தையவரின் கணக்கைக் கேட்கிறது.

அவர் தன் கணக்கிலிருந்து நீக்கினால்தான் திறக்கும். நீக்க மறுத்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இனி உங்கள் போனில் இணைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ட்ரெட்மில்லில் ஏறினால் பெல்ட் திணறி நிற்கிறது. கருகிய வாடை. வாங்கி ஒன்றரை வருடம். எண்ணெய் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கையேடு சொல்லியிருக்கும். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கான் எண்ணெய் காய்ந்தால் உராய்வு கூடும். மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், கட்டுப்பாட்டுப் பலகை சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இப்படியே ஓட்டினால் அந்தக் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை விட்டுத் தடவுங்கள். வழவழப்பு இல்லாமல் காய்ந்திருந்தால் காய்ந்த துணியால் அடிப்புறத்தைத் துடைத்து, இரு பக்கமும் சேர்த்து 20 மி.லி. அளவு தூய சிலிக்கான் எண்ணெய் விடுங்கள். கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், பெல்ட்டைக் கெடுக்கும். யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் 5 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, பெல்ட் நீளத்தின் நடுப்பகுதியில் ஓரத்தைத் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழ வேண்டும், எழாவிட்டால் இறுக்கம் அதிகம். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள இடது போல்ட்டைக் கடிகார முள் திசையில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருந்தால் நேரடியாகச் சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வாடை வந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: உள்ளங்கை அளவில் 50,000 எம்ஏஎச் பவர் பேங்க், எடை 300 கிராம். போன் இரண்டு முறைதான் ஏறுகிறது.

50,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 185 வாட்-மணி. இன்றைய நல்ல லித்தியம் செல்களில் அதை அடைக்க வேண்டுமானால் செல்களின் எடையே சுமார் முக்கால் கிலோ வரும். 300 கிராமில் அது இருக்க வழியே இல்லை. எடை போட்ட படத்தோடு திருப்பி அனுப்புங்கள். அனுப்பும் வரை இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். அளவில் பொய் சொன்னவர்கள் உள்ளே பாதுகாப்புச் சுற்று வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.