தொட்டி நல்லமிளகு 2 வருடமாகியும் திரி விடவில்லை: பதில்

தொட்டியில் வைத்த மிளகு 2 வருடமாகியும் திரி (மிளகு காய்க்கிற கதிர்) விடவில்லை, உரத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். உரம் மாற்றிப் பயனில்லை. நீங்கள் மார்த்தாண்டத்தில் புதர் மிளகு என்று வாங்கியது அநேகமாகக் கொடி மிளகுதான். தரையில் ஓடும் கொடியை வெட்டி வேர்விட வைத்த நாற்று அது. பற்றி மேலே ஏறாமல் பக்கக்கிளை வராது, பக்கக்கிளை இல்லாமல் திரியும் வராது. புதர் மிளகு, காய்க்கிற பக்கக்கிளையிலிருந்தே எடுப்பது.

கணுக்களைப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் பற்றுவேர் இருந்து, தண்டு நீளமாக ஓடினால் கொடி. பற்றுவேர் இல்லாமல் குட்டையாகக் கிளைத்திருந்தால் புதர். புதர் என்றால், திரி வராததற்கு நிழல் அதிகமாக இருப்பது காரணமா என்று பாருங்கள்.

கொடி என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஜூன் மழை பிடித்ததும் தென்னை அல்லது பலா மூட்டில் (அடியில்), வடக்குப் பக்கமாக நட்டு, மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். காய்க்க இன்னும் 2, 3 வருடம் ஆகும். (நம்மூரில் பலா இல்லாத வீடு உண்டா என்ன!)

ஒன்று மட்டும்: மூட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து, பச்சையாக நின்ற கொடி சில வாரத்தில் போய்விடும். அப்புறம், நிஜப் புதர் மிளகிலும் சில நேரம் ஓடுகொடி கிளம்பும்; கண்டதும் கிள்ளிவிடுங்கள்.