அதார் மாதத்துக் கேலியும் பாட்டும்

கேள்வி: என் யூத நண்பர் ஒருவர், யூத நாட்காட்டியின் அதார் மாதம் பிறந்தது முதல் நாள்தோறும் கேலிப் பாட்டோ நகைச்சுவைக் காட்சியோ அனுப்பி வருகிறார். அம்மாதத்தில் வரும் பூரிம் என்னும் சமய விழாவுக்கு இவ்வளவு வேடிக்கை பொருந்துமா?

பதில்: உங்கள் நண்பர் மரபு சொன்னபடியே நடந்துகொள்கிறார். ஆபு மாதம் பிறந்தால் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வதுபோல, அதார் பிறந்தால் மகிழ்ச்சியைப் பெருக்க வேண்டும் என்று யூதரின் பழைய சமயச் சட்ட விளக்க நூலான தல்மூது கூறுகிறது. எருசலேம் ஆலயம் அழிந்த துயரம் ஆபுக்கு உரியது. பாரசீகப் பேரரசில் யூதரை அழிக்க அமைச்சன் ஆமான் தீட்டிய சூழ்ச்சியை யூதப் பெண்ணான எஸ்தர் அரசியும் அவளுடைய உறவினர் மொர்தெகாயும் முறியடித்ததைக் கொண்டாடும் பூரிம் திருநாள் அதாருக்கு உரியது. அது அம்மாதம் 14ஆம் நாளிலும், எருசலேம் போன்ற பழைய மதில் நகரங்களில் 15ஆம் நாளிலும் வருகிறது.

வேடிக்கை, தொழுகைக்கூடத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கதையைச் சொல்லும் விவிலிய நூலான எஸ்தரின் சுருளை அதற்கே உரிய இராகத்தில் படிக்கும்போது, ஆமானின் பெயர் வரும் இடமெல்லாம் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் காலைத் தரையில் உதைத்தும் அந்தப் பெயரையே அமுக்கிவிடுகிறார்கள். ஆனால் சுருளின் ஒவ்வொரு சொல்லும் செவியில் விழ வேண்டும் என்பது விதி. ஆகவே இரைச்சல் அடங்கும்வரை படிப்பவர் காத்திருக்கிறார். ஆமானின் பத்துப் பிள்ளைகளின் பெயர்களை ஒரே மூச்சில் படித்து முடிப்பதும் வழக்கம். கேட்கத்தக்க நுட்பம் இன்னொன்று உண்டு: நாடுகடத்தப்பட்டதையும் அழிவாணையையும் சொல்லும் சில வரிகளுக்கு, நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் சட்டென்று, ஆலய அழிவுக்கு இரங்கும் புலம்பல் நூலின் சோக இராகத்துக்கு மாறிவிடுவார்கள். விழாப் பாட்டுகளிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு கணத் திருப்பம்தான்.

நாடகமும் பழையதே. முகமூடி அணிந்து வீடு வீடாகச் சென்று விருந்தின் நடுவே எஸ்தர் கதையைக் கேலியாக நடிக்கும் ‘பூரிம்ஷ்பில்’, 16ஆம் நூற்றாண்டளவிலேயே ஐரோப்பிய யூதரிடையே வேரூன்றியிருந்தது. ருமேனியாவின் யாஷ் நகரில் 1876இல் ஆபிரகாம் கோல்டுஃபாடன் தொடங்கிய தொழில்முறை இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழி) நாடகத்துக்கும் அது முன்னோடி. அரசரையும் அமைச்சரையும் மட்டுமல்லாமல், சமய அறிஞர்கள் தங்கள் வாதமுறையையே நையாண்டி செய்துகொள்வதற்கும் பூரிம் நாளில் உரிமை உண்டு.

கேள்வி: சில ஆண்டுகளில் அதார் இரண்டு முறை வருகிறதாமே?

பதில்: ஆம். சந்திர மாதங்கள் பருவங்களோடு ஒத்துச் செல்வதற்காக 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. பூரிம் இரண்டாம் அதாரில்தான் வரும். முதல் அதாரிலேயே பாட்டுகளை அனுப்பத் தொடங்கும் உற்சாகிகளும் இருக்கிறார்கள்.

கேள்வி: நானும் அவருக்கு ஏதாவது அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். அவர் நெறி வழுவாதவராயின் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இரவுவரை கைப்பேசியைத் தொடமாட்டார். பதில் வரவில்லையே என்று வருந்தாதீர்கள். பெற்றோரை இழந்து துக்கம் காக்கும் ஆண்டில் இசையைத் தவிர்ப்பவர்கள் உண்டு என்பதால், அவர் வீட்டு நிலையை அறிந்துகொண்டு அனுப்புவது நாகரிகம். பாட்டு அனுப்புவதோடு பூரிம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையும் அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்: அன்றைய தினம் நண்பர் ஒருவருக்காவது உடனே உண்ணத்தக்க இரு வகை உணவும், ஏழைகள் இருவருக்குக் கொடையும் போய்ச் சேர வேண்டும்.