பரோட்டா சால்னா சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி

அண்ணாச்சி, பரோட்டா சால்னா சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்துத் தோள்பட்டை வரை ஏறுகிறது, வாயு மாத்திரைக்கு அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோள்பட்டை விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. கொழுப்பு சிறுகுடலில் இறங்கியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். உள்ளே கல் இருந்து வழியை அடைத்தால் இப்படித்தான் வலிக்கும். அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே காட்டி, வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது.

அதுவரை சால்னாவும், விரலில் நெய் வழியும் அல்வாவும் வேண்டாம். சொதி சைவம்தானே என்று ஏமாறாதீர்கள். அதில் ஊற்றுகிற தேங்காயின் தலைப்பாலில் கொழுப்பு அதிகம். கூட வைக்கிற இஞ்சிப் பச்சடி மந்தத்துக்குச் சரி, கல்லை அது என்ன செய்யும்? பட்டினியும் கிடக்காதீர்கள், அதுவும் பித்தப்பைக்கு ஆகாது.

குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நெஞ்சை அடைத்து வியர்த்தாலும் அப்படியே, அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.